காரியஸ்தர் வாங்கிக் கொடுத்த கார்

இலஞ்சி அய்யாத்துரைப் பண்ணையாரிடம் இருபத்திரண்டு வருஷம் காரியஸ்தராக இருந்தவர் காந்திமதிநாதன் பிள்ளை. நெல் விற்பதோ, உழவு மாடு பிடிப்பதோ, தென்னந்தோப்புக் குத்தகை பேசுவதோ, எதற்கும் பண்ணையார் அவரைத்தான் அனுப்புவார். பேரத்தில் பிள்ளைக்குச் சத்தமே கிடையாது. எதிராளி சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருப்பார். பேசி அலுத்து அவனே விலையை இறக்குவான். தென்காசிச் சந்தையில் அவர் தலை தெரிந்தால், "ஊமைப்பிள்ளை வருதாரு, கூட்டியே சொல்லுங்கலே" என்று வியாபாரிகள் சிரிப்பார்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து மூன்றாம் வருஷம் பண்ணையாருக்குக் கார் ஆசை வந்தது. சாரல் சமயத்தில் குற்றாலத்துக்கு வருகிற வக்கீல்களும் மிராசுதார்களும் காரில் பறந்தார்கள். அவர்கள் கிளப்பிய புழுதியைத் தின்றுகொண்டு வில்வண்டியில் ஐந்தருவிக்குப் போவது அவருக்குப் பெரிய கூச்சமாகிவிட்டது.

"பிள்ளைவாள், ஆனி பொறக்கதுக்குள்ள வண்டி இங்கன வந்து நிக்கணும். தவணயெல்லாம் நமக்கு வேண்டாம். மொத்தத்தையும் ரொக்கமாக் குடுத்துருவோம். நீரே போய்ப் பேசி முடியும்" என்றார்.

பக்கத்தில் நின்ற பேச்சிமுத்து, பண்ணையாரின் மனைவிக்குத் தம்பி, "நானும் கூடப் போறேன் அத்தான்" என்றான்.

"நீ போனா அவன் சொன்ன வெலைக்கு மேல நூறு வச்சுக் குடுத்துட்டு வருவ" என்று பண்ணையார் சிரித்தார். வேலைக்காரர்களும் சிரித்தார்கள். பேச்சிமுத்து சிரிக்கவில்லை.

பிள்ளை உடனே கிளம்பிவிடவில்லை. திருநெல்வேலியில் ஒன்று, மதுரையில் ஒன்று என்று இரண்டு மோட்டார் கம்பெனிகளுக்குக் கடிதம் எழுதினார். வெறும் வண்டி விலை வேண்டாம், இலஞ்சியில் கொண்டுவந்து நிறுத்துகிற விலை வேண்டும் என்று கேட்டிருந்தார். மதுரைக்காரன் மூவாயிரத்து நானூற்றைம்பது என்றான். திருநெல்வேலிக்காரன் நூற்றைம்பது குறைத்து எழுதினான். அந்தக் கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு விருதுநகர் வழியாக மதுரைக்கு ரயில் ஏறினார்.

மதுரைக் கம்பெனியில் மானேஜர் காப்பி வாங்கிக் கொடுத்தார். நடுக்கூடத்தில் கறுப்பாக ஒரு வண்டி மின்னிக்கொண்டு நின்றது. "போன வாரம்தான் கப்பலிலிருந்து இறங்கியது" என்றார் மானேஜர். பிள்ளை வண்டியை ஒருமுறை சுற்றி வந்தார். பின்சக்கரத்தருகே குனிந்து, சக்கரத்துக்கும் தரைக்கும் நடுவில் கட்டியிருந்த சிலந்தி வலையை ஒரு விரலால் எடுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டார். வேறு எதுவும் சொல்லவில்லை. மானேஜர் தானாகவே முந்நூறு குறைத்தார்.

பிள்ளை திருநெல்வேலிக் கடிதத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார். பணம் ரொக்கம் என்றார். அன்று அவ்வளவுதான். சத்திரத்துக்குப் போய்ப் படுத்துவிட்டு மறுநாள் காலை மறுபடியும் அதே நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். மத்தியானத்துக்குள் விலை இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்தைம்பதுக்கு வந்தது. உபரிச் சக்கரம் ஒன்றும் மழைக்கு மூடுகிற படுதாவும் அதற்குள் அடக்கம்.

அதன்பிறகு மானேஜர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். கதவருகே நின்று விளக்கைத் துடைத்துக்கொண்டிருந்த கம்பெனி டிரைவர் ஆதமைத் தவிர அங்கே வேறு யாரும் இல்லை. "காரியஸ்தர்களுக்கு நூறு ரூபாய் தருவது எங்கள் வழக்கம். ரசீதில் வராது."

"அந்த நூறையும் வெலையில கழிச்சிருங்க" என்றார் பிள்ளை.

"உங்களுக்கு?"

"எனக்குச் சம்பளம் இருக்கு."

வண்டியை ஆதம்தான் ஓட்டிவந்தான். ராஜபாளையம் தாண்டியதும் அவனால் பொறுக்க முடியவில்லை. "நூறு ரூபாய வேண்டாம்னு சொன்ன ஆள நான் இன்னைக்குத்தான் பாக்கேன் அண்ணாச்சி."

"அத யார்ட்டயும் சொல்லிட்டிருக்காத. நானே பெரும பேசிக்கிட்ட மாதிரி ஆயிரும்" என்றார் பிள்ளை.

இலஞ்சியில் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, தேங்காய் விடலை போட்டு, முருகன் கோயில்வரை காரை ஓட்டிப் போனார்கள். அறுநூறு ரூபாய் குறைத்து வாங்கிய கதையைப் பண்ணையார் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார். ஒரு மாசம் இப்படிப் போயிற்று.

ஒருநாள் சாப்பிடும்போது பேச்சிமுத்து கேட்டான்: "அத்தான், கேட்ட உடனே அறுநூறு கொறைக்க கம்பெனிக்காரன் என்ன கிறுக்கனா? அறுநூறு நம்ம கணக்குக்கு வந்துருக்குன்னா, உள்ளபடி எம்புட்டு கொறஞ்சிருக்கும்? மிச்சம் எங்கன போச்சு?"

பண்ணையார் அவனை அதட்டினார். ஆனால் அந்தக் கேள்வி அவர் மனசில் உட்கார்ந்துவிட்டது. பிள்ளை பேரத்தில் எவ்வளவு சமர்த்தரோ அவ்வளவுக்கு அந்தச் சந்தேகமும் பெருத்தது.

அந்த ஆவணியில் பிள்ளை தென்காசியில் இருந்த தம் வீட்டின் ஓலைக் கூரையைப் பிரித்து ஓடு போட்டார். அவர் மனைவி குழல்வாய்மொழி ஆறு வருஷமாகச் சிறுகச் சிறுகச் சேர்த்த காசு அது.

"ஓடு எங்கன எடுத்தீரு?" என்று பண்ணையார் கேட்டார்.

"கொல்லத்து ஓடு அய்யா."

"வெலை என்ன ஆச்சு?"

பிள்ளை சொன்னார். "ஓஹோ" என்றார் பண்ணையார். அந்த ஓஹோவில் என்ன இருந்தது என்பது வீட்டுக்குப் போகிற வழியில்தான் பிள்ளைக்குப் பிடிபட்டது. நடுரோட்டில் அப்படியே நின்றுவிட்டார்.

அடுத்த அறுப்புக்கு நெல் விற்கப் பேச்சிமுத்து போனான். "ஒமக்கும் வயசாகுதுல்லா, கொஞ்சம் ஆறி இரும்" என்று பண்ணையார் களஞ்சியச் சாவியைக் கேட்டார். பிள்ளை இடுப்பிலிருந்து அவிழ்த்துக் கொடுத்தார். அவருக்கு அப்போது நாற்பத்தெட்டு வயசு.

"போய் நடந்ததச் சொல்லிட்டு வாங்களேன். உங்க வாய யாரு கட்டிப்போட்டிருக்கா?" என்று குழல்வாய்மொழி அழுதாள்.

"அவரு கேட்டாருன்னா சொல்லலாம். கேக்காம இருக்கவர்ட்டப் போய் நான் களவாங்கலன்னு எப்படிச் சொல்லுதது?"

ஆனாலும் மதுரைக் கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதிப் பார்த்தார். நடந்ததை நடந்தபடி எழுதித் தரும்படி கேட்டிருந்தார். பழைய மானேஜர் போய்ப் புதியவர் வந்திருந்தார். யாருக்கும் தரகு கொடுக்கும் வழக்கமே தங்களிடம் இல்லை, ஆகையால் எழுதித் தர எதுவும் இல்லை என்று பதில் வந்தது. பிள்ளை அதை இரண்டு தடவை படித்துவிட்டு அடுப்பில் போட்டார். தைப்பொங்கல் கழிந்ததும் வேலையை விட்டு நின்றார்.

தென்காசியில் ஒரு தேங்காய் மண்டியில் எழுத்து வேலை கிடைத்தது. விலை பேச மட்டும் வர மாட்டேன் என்று முதலாளியிடம் முதல் நாளே சொல்லிவிட்டார். கடைத்தெருவிலும் அப்படித்தான். கத்தரிக்காய்க்காரி என்ன சொல்கிறாளோ அதைக் கொடுத்துவிட்டு வருவார். "ஊரே ஒங்க தலையில மொளகா அரைக்குது" என்று குழல்வாய்மொழி சத்தம் போடுவாள். அவர் கை கழுவிவிட்டுச் சாப்பிட உட்காருவார்.

முதல் சில வருஷம், பண்ணையாரின் கார் தென்காசித் தெருவில் எதிர்ப்பட்டால் அவர் தலையை லேசாக அசைப்பார்; பிள்ளையும் மேல்துண்டை இறக்குவார். முப்பத்தேழாம் வருஷச் சாரலுக்குப் பிறகு அதுவும் நின்றது. பிள்ளையைக் கண்டால் பண்ணையார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஒருதடவை காரையே வேறு சந்தில் திருப்பச் சொன்னார்.

"இப்பம் மொகத்தக்கூடப் பாக்க மாட்டேங்காரு. இன்னும் எவன் என்னத்தச் சொல்லி வச்சானோ" என்றார் பிள்ளை. அந்த வாரம் முழுக்க அவருக்குச் சோறு இறங்கவில்லை.

நாற்பத்தொன்றில், ஐப்பசி அடைமழையில், நெஞ்சில் சளி கட்டி எட்டு நாள் படுத்தார். ஒன்பதாம் நாள் விடியும்போது போய்விட்டார்.

துக்கம் கேட்க ஆதம் வந்தான். கம்பெனி வேலையை விட்டுவிட்டு, பழைய கார் ஒன்றைச் சொந்தமாக வாங்கித் தென்காசி ஸ்டேஷனுக்கும் குற்றாலத்துக்கும் வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தான். முற்றத்தில் நின்றபடியே சொன்னான்:

"பண்ணையார் மன்னிப்புக் கேட்டு வந்தாருல்லா ஆச்சி?"

குழல்வாய்மொழிக்கு விளங்கவில்லை.

"நாலு வருசத்துக்கு முன்னால, ஐந்தருவியில அவரு வண்டி டயர் வெடிச்சு நின்னுபோச்சு. என் வண்டியிலதான் திரும்புனாரு. பிள்ளைவாள் சொகமான்னு கேட்டேன். ஒருமாதிரியாப் பேசுனாரு. எனக்கு மனசு கேக்கல. அந்த நூறு ரூபா சங்கதிய அப்படியே சொல்லிட்டேன். வண்டிய நிறுத்தச் சொல்லி, கொட்டுத மழையில எறங்கி நின்னாரு ஆச்சி. அன்னைக்கே இங்கன வந்திருப்பாருன்னுல்லா நெனச்சேன்!"

குழல்வாய்மொழிக்கு அப்போதுதான் பிடிபட்டது. பண்ணையார் முகத்தைத் திருப்பிக்கொண்டது கோபத்தில் அல்ல, வெட்கத்தில். அது தெரியாமல் ஒரு மனுஷர் நாலு வருஷம் வெந்து போயிருக்கிறார்.

பதினாறாம் நாள் பண்ணையார் வந்தார். நெடுந்தூரத்திலேயே காரை நிறுத்திவிட்டு நடந்து வந்தார். வாசலில் நின்று, "வருசம் ரெண்டு கோட்டை நெல்லு அனுப்புதேன் ஆச்சி" என்றார்.

"நெல்லு வேண்டாம்" என்றாள் அவள். "அவுக எடுக்கலன்னு நாலு பேரு இருக்க எடத்துல ஒரு தடவ சொல்லிருங்க. அது போதும்."

பண்ணையார் தலையாட்டினார். சொன்ன சொல்லையும் காப்பாற்றினார். தை மாசம், வாய்க்கால் தண்ணீர் முறை பேச ஊர்க்கூட்டம் போட்டபோது எழுந்து நின்று சொன்னார். அன்று சவாரி கொண்டுபோன ஆதமும் அங்கே இருந்தான். நேரே குழல்வாய்மொழியிடம் வந்தான்.

"சொல்லிட்டாரு ஆச்சி. கண்ணு கலங்கித்தான் சொன்னாரு."

"ஊர்க்காரங்க என்ன சொன்னாக?"

ஆதம் தயங்கினான். "எந்தக் காருன்னு ஒருத்தன் கேட்டான். பாதிப்பேருக்கு இப்படி ஒரு பேச்சு இருந்ததே தெரியல. தெரிஞ்சவங்களும் மறந்துட்டாங்க. அதுக்குள்ள மடைச் சண்டைய ஆரம்பிச்சுட்டாங்க."



"அப்பம் எட்டு வருசமா இவுக ஒருத்தர்தான் அத நெனச்சுக்கிட்டே நடந்திருக்காக" என்றாள் குழல்வாய்மொழி.