அக்கா தேடினால் கிடைக்கும்படி

அக்கா வீட்டை விட்டுப் போன பிறகு எங்கள் வீட்டில் யாரும் அவள் பெயரைச் சொல்வதில்லை. கடற்கரை ஊரான உவரியைச் சேர்ந்த ஒருவரை மணந்துகொண்டாள். அவர் கத்தோலிக்கர், நாங்கள் சைவர்கள். அவளிடமிருந்து வந்த முதல் கடிதத்தை அப்பா பிரிக்காமலே திருப்பி அனுப்பினார். அதற்குப் பின் கடிதம் வரவில்லை. கணினி வேலைக்காக இருவரும் அமெரிக்கா போய்விட்டார்கள் என்ற செய்தி மட்டும் வேறு யார் மூலமோ வந்து சேர்ந்தது. உவரியில் விசாரிக்கலாம் என்றால், அந்த வீட்டாரும் மகனுக்குக் கதவைச் சாத்தியிருந்தார்கள்.

தொண்ணூறுகளின் இறுதி. நான் சேரன்மகாதேவியிலிருந்து பாளையங்கோட்டைக்குப் பேருந்தில் போய் ஆங்கில இலக்கியம் முதுகலை படித்துக்கொண்டிருந்தேன். கல்லூரிக்குச் சற்றுத் தள்ளி ஒரு பிரவுசிங் சென்டர் திறந்திருந்தார்கள். கருத்தரங்கக் கட்டுரை ஒன்றுக்காக அங்கே போனபோது, அதன் உரிமையாளர் நண்பரிடம் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது.

“எவன் வந்தாலும் மொதல்ல தன் ஊர்ப் பேரைத்தான் அடிச்சுப் பாக்கான்வே. துபாய்க்காரன் லீவுல வந்தாலும் அதே கததான். ஊருக்குள்ள உக்காந்துகிட்டே ஊரைத் தேடுதான்!”

நண்பர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அக்காவும் எங்கோ ஒரு கணினியின் முன் எங்கள் ஊர்ப் பெயரை அடித்துப் பார்ப்பாள் அல்லவா? அப்போது அவள் கண்ணில் நான் பட வேண்டும்.

இலவசமாக இடம் தரும் தளம் ஒன்றில் ஒரு பக்கம் தொடங்கினேன். வலைப்பூ என்ற சொல்லை நாங்கள் அப்போது அறிந்திருக்கவில்லை. தமிழ் எழுத்து எல்லாக் கணினிகளிலும் தெரியாது என்பதால் ஆங்கிலத்தில் எழுதினேன். வாரம் ஒரு குறிப்பு. கார் பருவ நெல் சாகுபடிக்குத் தண்ணீர் திறந்த அன்று வயல்களில் எழும் வாசனை பற்றி ஒன்று. ஐப்பசி மழையில் கால்வாய்ப் பாலத்தைக் கடக்கையில் என்னுடன் வந்தவள் குடையைத் தண்ணீரில் தவறவிட்டதையும், அது மல்லாந்து படகுபோல் மிதந்து போனதையும் பற்றி ஒன்று. ஊரின் பெயரைத் தவிர வேறு பெயர் எதுவும் எழுதவில்லை. அப்பாவின் அலுவலகத்தார் வீட்டுப் பிள்ளைகளும் அந்தச் சென்டருக்கு வந்து போவார்கள். ‘அக்கா’ என்று ஒருமுறை எழுதியிருந்தாலும் செய்தி அன்றே வீடு போய்ச் சேர்ந்திருக்கும்.

பக்கம் இருந்தால் மட்டும் போதாது, தேடுபொறி அதை அறிந்திருக்க வேண்டும் என்று உரிமையாளர்தான் விளக்கினார். அதற்கென ஒரு கட்டம் இருந்தது. முகவரியை இட்டுப் பொத்தானை அழுத்தினால், சில வாரங்களில் வந்து பார்ப்போம் என்று ஒரு நன்றி வாசகம் தோன்றும்.

என் அப்பா தாலுகா அலுவலகத்தில் மனுக்களைக் கையாள்பவர். “மனு குடுத்துட்டுச் சும்மா இருந்தா அது அடியிலேயே கெடக்கும். மேல மேல நெனவூட்டு அனுப்புதவன் காயிதம்தான் மேசைக்கு வரும்” என்று சாப்பிடும்போது அம்மாவிடம் அடிக்கடி சொல்வார். உலகின் எல்லா அலுவலகங்களும் அப்படித்தான் இயங்கும் என்று நான் நம்பியிருந்தேன். எனவே சென்டருக்குப் போகும்போதெல்லாம் அதே முகவரியை மீண்டும் மீண்டும் இட்டேன். புதிய குறிப்பு எழுதினால் அதன் முகவரியையும் சேர்த்துக்கொண்டேன்.

“என்னம்மா, இன்னைக்கும் மனுவா?” என்பார் உரிமையாளர்.

“ஆமா அண்ணாச்சி.”

“குடுங்க, குடுங்க. நீங்க குடுக்குத குடுப்புல அந்தத் தேடுபொறிக்காரனே இங்கன நேர்ல வந்துருவான்!”

மாதங்கள் கழிந்தன. ஊர்ப் பெயரை அடித்தால் ரயில் அட்டவணை வந்தது, கோயில்களைப் பற்றிய ஒரு பக்கம் வந்தது. என் பக்கம் வரவில்லை. பலகைத் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து, கதவு திறக்கும் ஓசைக்கெல்லாம் திரையை மாற்றிக்கொண்டிருந்தேன். கொக்கிரகுளம் கலெக்டர் அலுவலகத்துக்கு அப்பா வரும் நாட்களில் சென்டர் இருந்த தெருப் பக்கமே போகமாட்டேன்.

ஒருநாள், கட்டத்துக்குக் கீழே சிறிய எழுத்தில் இருந்த விதிகளைப் படித்தேன். பாடநூலின் அடிக்குறிப்பைக்கூட விடாமல் படிக்கும் நான் அதை மட்டும் அதுவரை படித்திருக்கவில்லை. ஒரே முகவரியைத் திரும்பத் திரும்ப இடுவது தொந்தரவாகக் கருதப்படும். அப்படிப்பட்ட பக்கங்கள் விலக்கப்படலாம். அக்கா இதற்குள் எத்தனை முறை தேடி, ஒன்றுமில்லை என்று எழுந்து போயிருப்பாளோ!

அதே விதிகளில் இன்னொன்றும் இருந்தது. தேடுபொறி தனக்கு ஏற்கெனவே தெரிந்த பக்கங்களில் உள்ள இணைப்புகளின் வழியே நடந்துபோய்த்தான் புதிய பக்கங்களைக் கண்டுகொள்கிறதாம். குறிப்புகள் அனைத்தையும் வேறொரு தளத்துக்கு மாற்றினேன். இம்முறை எந்தக் கட்டத்திலும் எதையும் இடவில்லை. கோயில்களைப் பற்றிய பக்கத்தை நடத்துபவர் வெளிநாட்டில் இருக்கும் எங்கள் பகுதிக்காரர் என்று அதிலேயே எழுதியிருந்தது. என் பக்கத்துக்கு ஓர் இணைப்புத் தர முடியுமா என்று அவருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன்.

பதில் உடனே வந்தது. குறிப்புகள் பிடித்திருந்தன என்று எழுதிவிட்டு, கடைசியில் கேட்டிருந்தார்: ‘எந்தத் தெரு? யார் மகள்?’

எங்கள் ஊர்க்காரர்கள் கேட்காமல் விடாத கேள்வி அது. சொன்னால் அடுத்த தொலைபேசி அழைப்பிலேயே அது அவர் உறவினர் வீட்டுக்கும், அங்கிருந்து அப்பாவுக்கும் போகும். சொல்லாவிட்டால் மரியாதையில்லாதவள் ஆவேன், இணைப்பும் கிடைக்காது. நாட்கணக்கில் வாக்கியங்களை அடித்து அடித்து எழுதினேன். ‘நான் இந்த ஊர்க்காரிதான் என்பதற்குக் குறிப்புகளே சாட்சி. வீட்டைச் சொல்ல முடியாத நிலையில் இருக்கிறேன். மன்னியுங்கள்’ என்பது மட்டுமே இறுதியில் மிஞ்சியது.

பல நாட்கள் பதிலில்லை. அவர் யாரிடமோ விசாரித்துக்கொண்டிருக்கிறார் என்றே எண்ணினேன். வீட்டில் தொலைபேசி மணி அடித்தால் அப்பாவுக்கு முன் நானே ஓடிப்போய் எடுத்தேன். பிறகு ஒரு வரி வந்தது: ‘இணைப்புக் கொடுத்தாயிற்று.’ வேறு கேள்வி இல்லை.

அடுத்த மாதம் ஊர்ப் பெயரை அடித்தபோது, கோயில் பக்கத்துக்கு வெகு கீழே என் பக்கம் இருந்தது. அதன் பிறகு எனக்கு வேறு பயம் பிடித்துக்கொண்டது. இனி யார் வேண்டுமானாலும் வரலாம். வருகையாளர் எழுதுவதற்கென்று விட்டிருந்த இடத்தை ஒவ்வொரு முறையும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு திறப்பதுபோல் திறந்தேன். யாரோ படம் போடச் சொல்லியிருந்தார்கள். யாரோ வெறுமனே வணக்கம் சொல்லியிருந்தார்கள்.

பருவத்தேர்வுக்கு முந்தைய வாரம், அங்கே ஆங்கில எழுத்துகளில் தமிழ் வரி ஒன்று கிடந்தது. பெயரில்லை, ஊரில்லை.

‘குடைய கால்வாய்ல விட்டது நான் இல்லட்டீ, நீதான்.’

நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டேன். “என்னம்மா, ஆளு வந்துட்டா?” என்று உரிமையாளர் அங்கிருந்தே கேட்டார். “வந்துட்டு அண்ணாச்சி” என்றேன்.

யாரும் பார்க்கும் முன் அந்த வரியை அழித்தேன். குடை பற்றிய குறிப்பை மட்டும் திருத்தவில்லை. திருத்தாமல் இருக்கும்வரை சண்டை போட அவள் மீண்டும் வருவாள். அதுமட்டுமல்ல, குடையை விட்டவள் அவள்தான்.