இரண்டு நிமிடம் காத்திருக்கவும்

"மேடம், உங்க பழைய ஃபைல் எல்லாத்தையும் ஒரே ஃபோல்டர்ல போட்டுக் குடுத்துடுங்க. சேஃப்டிக்குத்தான்" என்று மேலாளர் சொன்ன அன்றே எனக்கு உறுத்தியது. பதினைந்து வருடமாக என் ஃபைல் எங்கே கிடக்கிறது என்று எட்டிக்கூடப் பார்க்காத மனிதருக்கு இப்போது என்ன திடீர் அக்கறை?

சந்தேகம் என் கூடவே பிறந்தது. வீட்டைப் பூட்டிவிட்டு மூன்று முறை இழுத்துப் பார்ப்பேன். ஆரம்பாக்கத்தில் ரயில் ஏறினால், வண்டி கும்மிடிப்பூண்டியில் நிற்குமா என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்பேன். தினமும் நான் போகிற வண்டிதான். என் தொழிலுக்கு இந்தக் குணம் தேவை என்று நானே சமாதானம் சொல்லிக்கொள்வேன். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், இரும்புத் தகட்டை அழுத்தி வளைக்கும் பிரஸ் மெஷின் செய்கிற கம்பெனி ஒன்றில் கையேடு எழுதுகிறேன். மெஷினை எப்படி ஓட்டுவது, எப்படி நிறுத்துவது, எந்த மூடியை எப்போது திறப்பது என்று படிப்படியாக எழுத வேண்டும்.

வேலைக்குச் சேர்ந்தபோது என்னிடம் இருந்தது ஒரு நோட்டு, ஒரு பென்சில், கையில் வாட்ச். காலி பெயின்ட் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு மெஷின் பக்கத்தில் உட்காருவேன். ஃபிட்டர் செய்யச் செய்ய எழுதுவேன். அப்புறம் ஒரு சாஃப்ட்வேர் வந்தது. ஒரு வாக்கியத்தை ஒரு தடவை எழுதி உள்ளே போட்டால் போதும், அடுத்தடுத்த மாடலின் புத்தகத்திலும் அதுவே போய் உட்கார்ந்துகொள்ளும். "ஒரு இடத்துல தப்பு விட்டா எல்லா இடத்துக்கும் போகுமே?" என்று கேட்டேன். சிரித்தார்கள். நானும் அந்தக் கேள்வியை மறந்துவிட்டேன்.

புத்தகத்தை யார் படித்தார்கள் என்று கேட்காதீர்கள். மெஷினின் பக்கவாட்டுப் பெட்டியில் பாலிதீன் கவரோடு வைத்து அனுப்புவோம். பல இடங்களில் அந்தக் கவரைப் பிரிப்பதே இல்லை. ஒரு நாள் கம்பெனி கேட்டுக்கு வெளியே டீக்கடையில் என் பதினான்காம் பக்கத்தில் பஜ்ஜி வைத்துக் கொடுத்தார்கள். பஜ்ஜியைத் தின்றேன், வேறென்ன செய்வது.

போன வருடம் புதிய சாஃப்ட்வேர் ஒன்று வந்தது. வரைபடங்களையும் பழைய கையேடுகளையும் கொடுத்தால் அரை மணி நேரத்தில் முழுப் புத்தகத்தையும் அதுவே எழுதிவிடுகிறது. மேலாளர் என் ஃபைலைக் கேட்டது இதற்குத்தான். என் சோற்றை என் கையாலேயே அதற்கு ஊட்டிவிட்டிருக்கிறேன்! இப்போது என் வேலை, அது எழுதியதைப் பார்த்து 'சரி' என்ற பட்டனை அழுத்துவது. புத்தகமும் போய்விட்டது. மெஷின் தூணில் ஒரு டேப்லெட் மாட்டியிருக்கிறார்கள். படிகளை ஒவ்வொன்றாக அது காட்டும், நேரத்தை எண்ணும், யார் எத்தனை நிமிடம் எடுத்தார்கள் என்று ஆபீசுக்குச் சொல்லியும் விடும்.

அது எங்காவது தப்பு விடும், கையும் களவுமாகப் பிடிக்கலாம் என்று இரண்டு மாதம் காத்திருந்தேன். ஒவ்வொரு வரியையும் வரைபடத்தோடு ஒப்பிட்டேன். பெரிதாக ஒன்றும் சிக்கவில்லை. எரிச்சல்தான் மிச்சம்.

என் சந்தேகப் பட்டியலில் இன்னொருவரும் இருந்தார். எங்கள் சோதனைப் பிரிவின் ஃபிட்டர். பழவேற்காடு பக்கம் மீன்பிடிக் குப்பத்துக்காரர், நான் சேர்ந்த அதே வருடம் சேர்ந்தவர். மெஷினை ஆஃப் செய்வார், உடனே டீ குடிக்கப் போவார், நிதானமாக வந்துதான் மூடியைத் திறப்பார். அவர் மட்டுமல்ல, ஃபிட்டர்கள் எல்லாருக்கும் அதுதான் வழக்கம். ஓபி அடிக்கிறார்கள் என்றே இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். மேலாளரும் அப்படித்தான் நினைத்தார். ஆஃப் செய்தால் இரண்டு நிமிடம் எண்ணிவிட்டு, 'மூடியைத் திறக்கவும்' என்று டேப்லெட் பச்சை காட்டும். இந்த ஃபிட்டர் பதினான்கு நிமிடம் எடுத்ததாகப் பதிவாகியிருந்தது. மெமோ கொடுத்துவிட்டார்கள்.

அந்தக் காகிதத்தோடு என் மேசைக்கு வந்தார்.

"இன்னா மேடம் இது பேஜாரா கீது? ரெண்டு நிமிஷம்னு எவன் எழ்தினான்? அந்த சாஃப்ட்வேரா? வந்து ஒரு தபா முள்ளப் பாருங்க. கையி பூடும் மேடம்."

எனக்கு உள்ளுக்குள் குதூகலம். சிக்கியது! கூடவே போனேன். என் கண்முன்னால் மெஷினை ஆஃப் செய்தார். மின்சாரம் நின்றாலும் எண்ணெயின் அழுத்தம் ஒரு சிலிண்டரில் சேர்ந்து நிற்கும், மெதுவாகத்தான் இறங்கும். அதைக் காட்டும் கேஜின் முள்ளைப் பார்த்துக்கொண்டே இருவரும் நின்றோம். இரண்டு நிமிடத்தில் டேப்லெட் பச்சையானது. முள் பாதிகூட இறங்கவில்லை.

"இப்போ தொறந்தா எண்ணெ அட்ச்சி மூஞ்சி பூடும். கைய உள்ள வுட்டுக்கினு இருந்தா கையும் பூடும்" என்றார்.

முள் பூஜ்யத்தைத் தொடப் பதினோரு நிமிடம் ஆனது. டீக்கடைக்குப் போய்வருகிற நேரம்.

மேலாளரிடம் போவதற்கு முன் ஆதாரம் வேண்டுமே. அந்தச் சாஃப்ட்வேரில் ஒவ்வொரு வாக்கியத்தையும் அழுத்தினால், அதை எங்கிருந்து எடுத்தது என்று காட்டும். அழுத்தினேன். என் முதல் வருடக் கையேடு திறந்தது. கீழே என் இனிஷியல்.

நான் நம்பவில்லை. இது என் பெயரைப் போட்டுத் தப்பிக்கப் பார்க்கிறது என்று, சொன்னால் வெட்கம், ஒரு கணம் நிஜமாகவே நினைத்தேன். மேசையின் அடி டிராயரில் இருந்து பழைய நோட்டுகளை எடுத்துப் புரட்டினேன். பென்சிலில், என் கையெழுத்தில் இருந்தது: 'ஆஃப் ஆச்சு. முள் பூஜ்யம், 2 நிமிஷம்.'

நோட்டை எடுத்துக்கொண்டு ஃபிட்டரிடம் ஓடினேன். வாங்கிப் பார்த்தார். சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

"அன்னிக்கி இன்னா நடந்துச்சின்னு யாருக்கு மேடம் ஞாபகம்? ஆனா ஒன்னு. உங்க ரயிலு என்னிக்கி டயத்துக்கு வந்துச்சி? நாங்க மெஷினை ஆஃப் பண்ட்டு, டீ குட்சிட்டு வந்து, உங்களுக்கோசரம் குந்திகினு இருப்போம். நீங்க அவசரமா வந்து, ஆஃப் பண்ணியாச்சான்னு கேப்பீங்க. ஆச்சும்போம். வாச்சப் பாப்பீங்க. அப்பால ரெண்டு நிமிஷத்துல முள்ளு எறங்கிடும்."

"அட கடவுளே! சொல்லக்கூடாதா?"

"எப்போ ஆஃப் பண்ணோம்னு நீங்க கேக்கவே இல்லியே மேடம்."

என் புத்தகத்தை யாரும் பிரிக்காததால்தான் இத்தனை வருடம் எல்லாருடைய கையும் பிழைத்திருக்கிறது. இப்போது என் வாக்கியத்தை ஒரு டேப்லெட் பிடிவாதமாகச் சொல்கிறது. கேட்காதவனுக்கு மெமோ வருகிறது.

மேலாளரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திருத்தம் போடுகிற திரையில் காரணம் என்று ஒரு கட்டம் உண்டு. 'சாஃப்ட்வேர் பிழை', 'எழுதியவர் பிழை', இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

அவர் குரலைத் தாழ்த்தினார். "சாஃப்ட்வேர் பிழைன்னே போடுங்க மேடம். இதைத் தனியா விட்டா ஆபத்து, ஆள் வேணும்னு மேல சொல்ல எனக்கும் ஒரு பாயிண்ட் கிடைக்கும். இல்லன்னா அடுத்த மாசம் உங்க சீட்டையே எடுக்கப் பேசிட்டிருக்காங்க."

ஃபைலைக் கேட்ட நாளிலிருந்து நான் சந்தேகப்பட்ட ஆள் எனக்காகத்தான் பேசிக்கொண்டிருந்தார். ஆனால் சாஃப்ட்வேர் பிழை என்று போட்டால், அது எழுதிய இந்த வருடக் கையேடு மட்டும்தான் திருத்தப்படும். அதற்கு முன் நான் எழுதியவை அப்படியே இருக்கும். பழைய மெஷின் வாங்கிய கம்பெனிக்காரர்களும் அவற்றை வைத்துத்தான் இப்போது டேப்லெட் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

வேலை போய்விடுமோ என்று பயந்தேன். பொய் சொல்ல மாட்டேன், அம்புக்குறியை முதலில் 'சாஃப்ட்வேர் பிழை' மேல்தான் கொண்டுபோய் வைத்தேன்.

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஃபிட்டர் நின்றிருந்தார். மெமோவுக்குப் பயந்து டீ குடிக்கப் போகவில்லை. ஸ்பேனரைப் பிடித்துக்கொண்டு டேப்லெட்டையும் முள்ளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். இவராவது முள்ளைப் பார்க்கிறார். எங்கோ ஓர் ஊரில் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவன் பச்சையை மட்டும் பார்ப்பான்.

'எழுதியவர் பிழை' என்பதை அழுத்தினேன். இரண்டு நிமிடத்தை அடித்துவிட்டு, 'கேஜின் முள் பூஜ்யத்துக்கு வந்த பிறகே மூடியைத் திறக்கவும்' என்று எழுதினேன். இதே வாக்கியம் உள்ள எல்லாப் பிரதிகளுக்கும் அனுப்பவா என்று கேட்டது. ஆம் என்றேன். போய்ச் சேர்ந்ததா என்று மூன்று முறை பார்த்தேன்.

மெமோவைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். என் சீட்டு விஷயம் இன்னும் மேலே பேச்சில்தான் இருக்கிறது. அதுவரை சும்மா இருக்க முடியுமா? அந்த நோட்டுகளில் இன்னும் எத்தனை வாக்கியங்களை டீக்குப் பிறகு வந்து எழுதினேனோ! இப்போது ஒரு வண்டி முன்னதாகவே ஏறுகிறேன். இன்று காலை பெயின்ட் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு மெஷின் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"ஆஃப் பண்ணியாச்சு மேடம், எழ்திக்கோங்க" என்றார் ஃபிட்டர்.

நான் வாட்சைப் பார்க்கவில்லை.

"எப்போ ஆஃப் பண்ணீங்க?" என்று கேட்டேன்.