மாடிப்படிக்குக் கீழே ஒரு பெஞ்ச்

தபிதா யார்னல் சர்க்கரை போடாமல்தான் தேநீர் குடிப்பாள். அடிமைகள் வெட்டிய கரும்பு அவள் நாக்கில் படக்கூடாது. அடிமைகள் பறித்த பருத்தியையும் உடுத்தமாட்டாள். கோடையில் வியர்த்துக் கொட்டினாலும் கம்பளிதான். பென்சில்வேனியாவில், எங்கள் ஊரில், குவேக்கர் என்ற எங்கள் கிறிஸ்தவ சபைப் பெண்களுக்குத் தொப்பி தைத்துப் பிழைத்தாள். ஊசியைக் கீழே வைத்த நேரமெல்லாம் அடிமை முறைக்கு எதிராகக் கவிதை எழுதினாள். அது பத்திரிகையில் வந்தால் கறிக்கடைக்காரன்கூடக் கண்ணைத் துடைத்துக்கொள்வான். அடிமைகளை வைத்திருந்த தெற்கு மாநிலங்களிலிருந்து மிரட்டல் கடிதங்கள் வரும். அவற்றைச் சுருட்டி, ஊசி குத்தி வைக்கிற சின்ன மெத்தைக்குள் திணித்துவிடுவாள். அப்பேர்ப்பட்டவள் கடைசிப் பத்தொன்பது வருடம் ஒரு வரிகூட எழுதாமல் செத்துப்போனாள். கண் மங்கிவிட்டது என்று ஊரில் சொல்கிறார்கள். கண்ணுக்கு ஒன்றுமில்லை. நான் கூடவே இருந்தவள், எனக்குத் தெரியும்.

லெட்டி பர்னல் என்ற கறுப்பினப் பெண் சந்தையில் குடல் சூப் விற்றாள். பதினோரு வருடமாக ஒரு வாரம் தவறாமல் எங்கள் ஜெபக் கூட்டத்துக்கு வந்தாள். வந்து மாடிப்படிக்குக் கீழே கிடந்த பெஞ்சில் உட்காருவாள். கறுப்பர்களுக்கு அதுதான் இடம். யார் போட்டது, எப்போது போட்டது என்று எனக்குத் தெரியாது. கேட்டதும் இல்லை.

1838 வசந்தத்தில் லெட்டி, தன்னையும் சபையில் உறுப்பினராகச் சேர்த்துக்கொள்ளும்படி எழுதிக் கொடுத்தாள். அவளை விசாரித்துவர மூன்று பேரை அனுப்பினார்கள்: மூப்பர் இசாக்கர் பிரைஸ், தபிதா, நான். வீட்டில் இருந்த மூன்று நாற்காலியையும் எங்களுக்குக் கொடுத்துவிட்டு, லெட்டி நின்றுகொண்டே பதில் சொன்னாள். குறை சொல்ல ஒன்றுமில்லை. தெருவுக்கு வந்ததும் இசாக்கர், நல்ல மனுஷிதான், ஆனால் காலம் இன்னும் கனியவில்லை, பொறுத்துப் பார்ப்போம் என்றார். எங்களிடம் ஓட்டெடுப்பு கிடையாது. ஒருவர் ஒன்றைச் சொல்லி மற்றவர்கள் பேசாமல் இருந்துவிட்டால் அதுவே முடிவு. இப்போது பேசுவாள், இப்போது பேசுவாள் என்று தபிதாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நடந்தேன். அவள் பேசவில்லை. எனக்கும் வாய் இருந்தது.

வீட்டுக்குப் போய் அவள் என்ன செய்தாள் தெரியுமா? கவிதை எழுதினாள். மூடிய கதவுக்கு வெளியே பனியில் நிற்கிற ஒரு சகோதரியைப் பற்றி. அது பத்திரிகையில் வந்ததும் இசாக்கரே மனைவிக்கு வாசித்துக் காட்டி அழுதாராம். நானும் கத்தரித்துப் பைபிளுக்குள் வைத்துக்கொண்டேன்.

அடுத்த கூட்டத்தில் வழக்கம்போல எல்லாரும் மௌனமாக உட்கார்ந்திருந்தோம். உள்ளே தூண்டுதல் வந்தவர் எழுந்து பேசலாம். அதுவரை லெட்டி எழுந்ததே இல்லை. அன்று எழுந்தாள். அந்தக் கவிதையை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை, தாள் எதையும் பார்க்காமல், குரலை உயர்த்தாமல் சொன்னாள். பிறகு முன்வரிசையில் இருந்த தபிதாவிடம் பேசினாள். எங்களுக்குள் யாராயிருந்தாலும் பேரைச் சொல்லி, நீ என்றுதான் பேச்சு.

"தபிதா, கவித ரொம்ப நல்லாயிருக்கு. கதவைச் சாத்தினது யாருன்னு மட்டும் எழுதாம விட்டுட்டியே."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பதினோரு வருடமாகக் கண்ணெதிரே கிடந்த பெஞ்சை அன்றுதான் பார்த்தேன். தபிதாவின் முகத்தில் ஈயாடவில்லை. தெற்கே கரோலினாவில் சவுக்கடி வாங்கும் முதுகை இங்கிருந்தே பார்த்து எழுதியவள், இருபதடி பின்னால் இருந்தவளைத் திரும்பிப் பார்த்ததில்லை.

அவள் எழுந்தாள். அத்தனை பேர் முன்னாலும் நடந்துபோய், மாடிப்படிக்குக் கீழே லெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். பலர் விம்மினார்கள். எவ்வளவு பெரிய மனசு என்று நானும் அழுதேன். லெட்டி அழவில்லை.

"நீ இங்க வரணும்னு நான் கேக்கலையே, தபிதா," என்றாள். "நான் அங்க வரணும்னுதானே எழுதிக் குடுத்தேன்."

அன்றோடு தபிதாவின் எழுத்து நின்றது. முன்வரிசையில் அவள் விட்டு வந்த இடம் கூட்டம் முடியும்வரை காலியாகவே கிடந்தது. வா என்று ஒருவரும் லெட்டியைக் கூப்பிடவில்லை. அது என் பக்கத்து இடம்.