பனிக்குழியும் கோதுமை மில்லும்

இதை எழுத நோட்டை எடுப்பதும் மூடி வைப்பதுமாகவே எட்டு வருஷம் போய்விட்டது. நான் ஒன்பதாவது வரை படித்தவள். பிழை வரும் என்பது சின்னப் பயம். முருகனுடைய காரியத்தைக் குறைத்துச் சொல்கிறேன் என்று கோயிலில் நினைப்பார்களோ என்பதுதான் பெரிய பயம்.

தொண்ணூறுகளின் கடைசியில் என் வீட்டுக்காரர் பட்டாளத்தில் இருந்தார். நானும் மகளும் புனே பக்கத்துப் போசரியில், ஒரு மாவு மில்லை ஒட்டிய அறையில் குடியிருந்தோம். இங்கே மில்லைக் கிர்ணி என்பார்கள். அந்தக் கோடையில் அவரை வடக்கே பனிமலைக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து வந்த முதல் கடிதத்தில் எழுதியிருந்தார்: "பனிக்குள்ளே கிணறு மாதிரி ஆழக் குழிகள் இருக்கு. உருகின தண்ணி சுழண்டு உள்ளே விழுது. அதுக்கு மூலான்னு பேராம். பிரெஞ்சு பாஷையில மாவு மில்லுன்னு அர்த்தமாம். தண்ணி சுத்துற சுத்தையும் போடுற சத்தத்தையும் பார்த்து அந்தக் காலத்து ஆளுங்க வச்ச பேருன்னு எங்க ஆபீஸர் சொன்னார்."

அன்றிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் மில் ஓட ஆரம்பித்தால் எழுந்து நிற்பேன். எதற்கு எழுந்தேன் என்று தெரியாது. வியாழக்கிழமை மின்சாரம் நிற்கும். அன்று மட்டும்தான் விளக்கேற்றி ஒழுங்காய் உட்கார்ந்து கும்பிட முடிந்தது. அப்படி ஒரு வியாழக்கிழமை, அவர் திரும்பும்வரை மில் மாவு வீட்டுக்குள் வராது என்று முருகனிடம் நேர்ந்துகொண்டேன். அவரிடம் சொல்லவில்லை.

"எம்மா, இன்னைக்கும் சோறா? எல்லாப் பிள்ளைகளும் டப்பாவுல சப்பாத்தி கொண்டாருது" என்பாள் மகள்.

மில்லுக்காரி வாசலில் மறித்து இந்தியில் கேட்டாள்: "ஏன் அண்ணி, எங்க மாவுல கல்லு கிடக்கா? இல்ல, வேற கிர்ணிக்காரன் சிரிச்சுப் பேசுறானா?" உள்ளே போய்விட்டேன். அவரிடமிருந்து கடைசிக் கடிதம் வந்து ஆறு வாரம் ஆகியிருந்தது.

தீபாவளிக்கு முன்னால் அவரே வந்து நின்றார். மூக்கு நுனி கறுத்திருந்தது. குளித்துவிட்டு வந்து முதலில் கேட்டது, "ஏளா, கோதுமை டப்பா எங்க?"

திறந்தால் உள்ளே வண்டு.

"என்னத்த வளக்க இதுல?" என்று சிரித்தார். முறத்தில் கொட்டி நானும் அவருமாய்ப் புடைத்தோம். டப்பாவைத் தூக்கிக்கொண்டு அவரே மில்லுக்குப் போனார். கூடப் போனேன். அரைத்து முடிந்தும் நகராமல் கண்ணை மூடி நின்றார்.

"அந்தக் குழிப் பக்கம் காவல் நிக்கும்போது இதே இரைச்சல்தான். கண்ணை மூடுனா, இங்க டப்பாவோட வரிசையில நிக்க மாதிரி இருக்கும். அத வச்சுத்தான் நாளை ஓட்டுனேன்" என்றார்.

அவர் பிடித்துக்கொண்டு நின்ற சத்தத்தையா நான் வீட்டைவிட்டு விரட்டப் பார்த்தேன்? வீட்டுக்கு வந்து, சூடு ஆறாத மாவைப் பிசையும்போதுதான் நேர்ச்சையைச் சொல்லி அழுதேன்.

அதைக் கோயிலில் ஒருத்தியிடம் சொன்னேன். இப்போது, அவர் குழிக்குள் விழுந்தார், என் விரதம்தான் மேலே தூக்கியது என்று பேசுகிறார்கள். அவர் விழவே இல்லை. இடுப்பில் கயிறு கட்டியிருந்தது. கூட நடந்தவர்கள் அதை விடவில்லை. எனக்கு அதுவே முருகன் செயல். யாருக்காவது சொல்வதாக இருந்தால் கயிற்றையும் சேர்த்து, இதில் இருப்பதை இருக்கிறபடியே சொல்லுங்கள்.