பலகைக்குள் பூதம் பிடித்த அரிமுனே

அரிமுனே வந்த பிறகுதான் ஓகித் தீவில் பூதங்கள் பெருகின என்று யார் சொன்னாலும் அது பொய். அவர் கப்பலிலிருந்து இறங்குவதற்கு முன்பே உப்புக் காய்ச்சும் இசோமேயின் கொப்பரையை ஏதோ ஒன்று நக்கிக்கொண்டுதான் இருந்தது. விடிந்தால் உப்பு கறுத்து, கசந்து கிடக்கும். மீன்பிடிக்கப் போனவர்களின் படகு விளிம்பை நனைந்த கைகள் பற்றிக்கொண்டு அகப்பை கேட்டதும் அதற்கு முன்புதான். நல்ல அகப்பையைக் கொடுத்தால் அதனாலேயே கடல்நீரை மொண்டு ஊற்றிப் படகை மூழ்கடித்துவிடும். அடியில்லாத அகப்பையைக் கொடுத்து உயிர் தப்பி வந்தவர்களே இன்று, "அந்தாளு வளத்துவிட்டதுதான் எல்லாம்" என்று வாய் கூசாமல் பேசுகிறார்கள். பேசட்டும். நடந்தது மாறிவிடாது.

அவர் தலைநகர் அரண்மனையில் மடிப்புத் திரைகளுக்கு ஓவியம் தீட்டியவர். ஒரு விருந்துக் காட்சியில் ஓர் அமைச்சரை அவருடைய எதிரிக்கு அரைப் பாய் கீழே, மதிப்புக் குறைந்த இடத்தில் உட்காரவைத்து வரைந்துவிட்டார். அன்றைக்கு அந்த மனிதர் உட்கார்ந்திருந்ததும் அங்கேதான். கண்டதை மாற்றி வரைய இவருக்குக் கை வரவில்லை. அதற்குத் தண்டனைதான் இந்தத் தீவு.

உப்புக் காய்ச்சும் விதவை இசோமேயின் கொட்டகைக்குப் பின்னால் அவருக்கு ஓர் அறை ஒதுக்கினார்கள். முதல் நாளே அவள் இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"கஞ்சி ஊத்துறேன். ஆனா கடலப் பாத்து அழுதுக்கிட்டே உக்காந்திருந்தா எனக்கு ஆகாது. வெறகு பொளப்பீங்களா?"

"தூரிகை பிடிக்கத்தாம்மா தெரியும்."

"வெளங்குனாப்லதான்."

கொப்பரையை நக்கும் பூதத்தைப் பற்றி அவள் ஓயாமல் புலம்பினாள். வேலையில்லாமல் கை நமைத்துக்கொண்டிருந்த அரிமுனே, கடல் ஒதுக்கிய ஒரு பலகையை மடியில் வைத்துக்கொண்டார்.

"மூக்கு எப்படி இருந்துது?"

"சப்ப மூக்கு. நம்ம ஊர்த்தலைவர் தோசுகேக்கு இருக்கே, அதுமாதிரி."

"நாக்கு?"

"அதுவும் அவருக்கு இருக்கற மாதிரிதான். முழ நீளம்."

அவர் அழித்து அழித்து வரைந்தார். காதைக் கொஞ்சம் இழுத்தார், கண்ணைச் சுருக்கினார். திடீரென்று இசோமே, "அய்யோ, இதேதான்!" என்று அலறினாள். மறுநாள் உப்பு வெள்ளைவெளேரென்று இருந்தது.

அதன்பின் ஊரே வந்தது. பார்த்தவர் வாயிலிருந்து 'இதேதான்' என்ற சொல் விழும்வரை வரைவார். விழுந்துவிட்டால் பூதம் பலகைக்குள். ஆனால் பலகையை மட்டும் ஒருவரும் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. "உங்ககிட்டயே இருக்கட்டும்யா, உங்களுக்குத்தான் பழக்கம்" என்று நழுவிவிடுவார்கள். அறையின் நாலு சுவரிலும் பலகைகள் ஏறின. எந்தப் பக்கம் படுத்தாலும் அவர் வரைந்த கண் ஒன்று அவரையே பார்த்தது. சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தால் பிறாண்டும் சத்தம் கேட்டது. மறுபடியும் தன் பக்கமே திருப்பிக்கொண்டார். அவை பலகைக்குள் அடைபட்டுக் கிடந்தன, அவர் அவற்றோடு அடைபட்டுக் கிடந்தார்.

ஒரு வசந்தத்தில் அரண்மனையில் இளவரசர் பிறந்தார். நாடு கடத்தப்பட்டவர்கள் எல்லோருக்கும் மன்னிப்பு என்று கப்பல் வந்தது. ஊர்த்தலைவர் தோசுகே கடற்கரையில் நின்றபடியே, "அரிமுனேவா? அம்மை போட்டுருக்கு, கிட்ட வராதீங்க" என்று சொல்லிவிட்டார். கப்பல்காரன் காலைக்கூட நனைக்காமல் திரும்பினான். அங்கே நின்ற இசோமே வாயைத் திறக்கவில்லை. கோடை முழுக்க அதை நெஞ்சுக்குள் அடக்கிவைத்திருந்தவள், ஒருநாள் கஞ்சி ஊற்றும்போது கொட்டிவிட்டாள்.

அரிமுனே நேரே தோசுகேயிடம் போனார்.

"நீங்க போயிட்டா அதுங்க பலகைய விட்டு எறங்கிடுமேய்யா. எங்க புள்ளகுட்டிங்க கதி?" என்றார் தோசுகே.

"அப்போ பலகைய எரிச்சிடுங்க."

"எரிச்சா இருக்க எடமில்லாத பூதம் சும்மா இருக்குமா?"

"நான் செத்துப்போனா?"

"அதான் நல்லாப் பாத்துக்கறமே. பெரிய மீனு தல உங்களுக்குத்தான வருது?"

அன்றிலிருந்து அவர் கதவுக்கு வெளியே ஒரு குறுக்குக்கட்டை விழுந்தது. எதற்கு என்று கேட்டதற்கு, "ஒங்க பாதுகாப்புக்கு" என்றார்கள். கருவாடு மென்றுகொண்டு இரண்டு பேர் மாறி மாறிக் காவல் இருந்தார்கள்.

இலையுதிர்காலக் கப்பல் வந்து குடாவில் நின்றது. அன்றே இசோமே சுவர் இடுக்கில் வாயை வைத்துச் சொன்னாள்.

"இந்தத் தடவ நீங்க செத்துட்டதாச் சொல்லப் போறாங்க. கப்பல்காரன் பட்டியல்ல பேர அடிச்சுட்டான்னா அப்புறம் எந்தக் கப்பலும் உங்களக் கேட்டு வராது."

அரிமுனே நாலு சுவரிலும் இருந்த பலகைகளை ஒருமுறை பார்த்தார். பிறகு, "கொஞ்சம் புகைக்கரி வேணும்மா" என்றார். அவள் ஏன் என்று கேட்காமல் கொண்டுவந்து கொடுத்தாள்.

ஊரில் நோய் வந்தால் வைக்கோல் பொம்மை செய்து, மேளமும் மணியும் அடித்துக் கடலுக்கு வழியனுப்புவது அங்கே வழக்கம். அப்படி அனுப்பப்படுவதை யாரும் தொடக்கூடாது. பேர் சொல்லிக் கூப்பிடக்கூடாது. திரும்பிப் பார்க்கவும் கூடாது. பார்த்தவர் வீட்டுக்கே அது வந்துவிடும். அப்படி ஊரார் முகம் திருப்பி நிற்பதை அவர் பலமுறை சன்னல் வழியே பார்த்திருந்தார்.

அரண்மனையிலிருந்து உடுத்தி வந்த வெள்ளை அங்கியை விரித்து, புகைக்கரியைக் குழைத்து, பலகைப் பூதங்கள் ஒவ்வொன்றையும் அங்கியின் முதுகுப்பக்கத்தில் வரைந்தார். ஒன்றை வரைந்து முடித்ததும் அதன் பலகையைக் கத்தியால் செதுக்கி வெறுமையாக்கினார். வெறும் மைதான், ஏமாற்றுவித்தைதான் என்கிறார்கள் இப்போது. அது ஏமாற்றா நிஜமா என்று அவருக்கே தெரியாது. அங்கியைத் தோளில் போட்டபோது ஈரவலையைச் சுமப்பதுபோல் கனத்தது என்பது மட்டும் தெரியும்.

காலையில் கட்டையை நீக்கிவிட்டு உள்ளே வந்த தோசுகே வெறும் பலகைகளைப் பார்த்தார்.

"எங்கய்யா போச்சு எல்லாம்?"

அரிமுனே திரும்பி முதுகைக் காட்டினார். தோசுகே கதவுவரை பின்வாங்கினார்.

"என்னை வெச்சுக்கிட்டா இதுங்களையும் வெச்சுக்கணும், தலைவரே. அனுப்பறதுன்னா எப்படி அனுப்பணும்னு உங்களுக்கே தெரியும்."

தோசுகே முகத்தைத் திருப்பிக்கொண்டார். வாசலுக்கு வெளியே தலையை நீட்டிக் கத்தினார். "மேளத்த எடுங்கடா! எல்லாரும் அந்தப் பக்கம் திரும்புங்க!"

வாசலிலிருந்து கடற்கரைவரை ஊர் முழுக்கச் சுவரைப் பார்த்து நின்றது. காவல் இருந்த இருவரும் கண்ணை இறுக மூடிக்கொண்டார்கள். வாசற்படியில் புது வைக்கோல் செருப்பு ஒரு சோடி, நுனி வெளிப்பக்கம் பார்த்தபடி இருந்தது. அதை வைத்தவள் நாலடி தள்ளி, அவருக்கு முதுகைக் காட்டி நின்று மணி அடித்துக்கொண்டிருந்தாள். தாளம் தப்பித் தப்பி விழுந்தது. அவர் ஒரு வார்த்தை சொன்னால் அவள் திரும்பிவிடுவாள், திரும்பினால் எல்லாம் அவள் வீட்டுக்கே வந்துவிடும். அரிமுனே வாயை இறுக மூடிக்கொண்டு, செருப்பில் காலை நுழைத்து, படியிறங்கிக் கப்பலை நோக்கி நடந்தார்.