தேவஸியின் இடுப்புக்காக ஒரு மறியல்

சாலக்குடிச் சந்தையில் சுமை இறக்கும் தேவஸிக்கு ஐம்பது வயதுவரை தனக்கு இடுப்பு என்று ஒன்று இருப்பதே நினைவில் இல்லை. லுங்கி நழுவாமல் இருக்க நடுவில் ஏதோ இருக்கிறது, அவ்வளவுதான். அரிசி மூட்டை, சிமெண்ட் மூட்டை எல்லாம் அவனுக்குத் தலையணை மாதிரி. ஒருமுறை தேவாலயத்துப் புனிதர் சிலையைத் தனியாகத் தூக்கி வைத்துவிட்டு, “புண்ணியவான் ரொம்ப மெலிஞ்சிட்டாரே அச்சோ! நேர்ச்சைக் கோழியெல்லாம் யாரு வயித்துக்குப் போகுது?” என்று பாதிரியாரிடமே கேட்டவன்.

அப்பேர்ப்பட்ட ஆளை ஒரு தும்மல் சாய்த்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை, பூசைக்குக் கிளம்பும்போது செருப்பை எடுக்கக் குனிந்தான். குனிந்த இடத்தில் தும்மல் வந்தது. இடுப்பில் ‘படக்’ என்று ஏதோ பிடித்துக்கொண்டது, நிமிர முடியவில்லை. மனைவி ரோசிலி வந்து பார்த்தபோது வாசற்படியில் மடக்கிய கத்தி மாதிரி நின்றிருந்தான்.

“ஏ மனுஷா, குனிஞ்சு கும்பிடுறதெல்லாம் சர்ச்சுல போய் வெச்சுக்கலாம். வா.”

“ரோசிலி... என்னைப் பிடி. நான் செத்தேன்.”

சாகவில்லை. ஆனால் தும்மி விழுந்தேன் என்று சந்தைக்காரர்களிடம் எப்படிச் சொல்வது? பார்க்க வந்த யூனியன் செயலாளர் சுகுணனிடம், முந்தின நாள் அரிசிக்கடை அந்தப்பனின் இரும்புப் பெட்டியைத் தூக்கியதில் முதுகு போய்விட்டது என்று வாய் கூசாமல் சொன்னான். பெட்டியைத் தனியாகத் தூக்கியது நிஜம். தூக்கிவிட்டு இரண்டு தட்டு புட்டும் கடலைக் கறியும் சாப்பிட்டதை மட்டும் சொல்லவில்லை.

பிறகு வாரக்கணக்கில் படுக்கை. வருகிறவர்கள் எல்லாம் வைத்தியர்கள். ஒருவர் பலகையில் படுக்கச் சொன்னார், ஒருவர் அசையவே கூடாது என்றார், பக்கத்து வீட்டுக்காரர் ஒரு குப்பி தைலம் கொண்டுவந்தார். அதன் வாடையில் வீட்டுப் பூனை இடம் மாறிப் போனது. தேவஸி அசையாமல் கிடந்தான். வலி குறையவில்லை, பயம்தான் கூடிக்கொண்டே போனது. ஸ்கேனில் முதுகெலும்புத் தட்டு ஒன்று பிதுங்கியிருக்கிறது என்று வந்ததும், முதுகுக்குள் ஒரு பலாப்பழம் வெடித்துக் கிடப்பதாகவே நினைத்துக்கொண்டான்.

அரசு ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பார்க்கும் ஷஹனா படத்தைப் பார்த்துவிட்டுப் பதறவே இல்லை. அதுவே அவனுக்கு அவமானமாக இருந்தது.

“கால் மரத்துப் போகுதா சேட்டா? கால்ல வலு குறையுதா? ஒண்ணுக்கு ரெண்டுக்குப் போறதுல ஏதாவது மாத்தம்?”

“அதெல்லாம் இல்லை.”

“இருந்தா அந்த நிமிஷமே ஓடி வரணும். இல்லேன்னா எழுந்து நடங்க. உங்க வயசுல வலியே இல்லாதவங்களைப் படம் எடுத்தாலும் பாதிப் பேருக்கு இப்படித்தான் இருக்கும். முடி நரைக்கிற மாதிரி.”

“வலிக்குதே?”

“வலிச்சா உடைஞ்சு போச்சுன்னு அர்த்தமில்லை. கொஞ்சம் கொஞ்சமா நடங்க. படுத்தே கிடந்தா தசையெல்லாம் சோம்பேறி ஆயிடும்.”

“தசை மட்டுமா?” என்றாள் ரோசிலி.

தேவஸி தலையாட்டினான். வீட்டுக்கு வந்து மறுபடி படுத்துக்கொண்டான்.

அன்று சாயந்திரம் சுகுணன் உற்சாகமாக வந்தான். “சகாவே, நாளைக்கு அந்தப்பன் கடை முன்னாடி மறியல். உன்னைக் கட்டிலோட தூக்கிட்டுப் போய் வாசல்ல வைக்கிறோம். நீ ஒண்ணும் பேச வேண்டாம். முனகினா போதும்.”

அவன் போனதும் ரோசிலி கட்டிலோரம் வந்து நின்றாள். “தும்மினதுக்குப் போராட்டமா? நாளைக்கு நீயே உண்மையைச் சொல்றியா, இல்லை நான் வந்து மைக்கைப் பிடிக்கவா?”

ரோசிலி மைக் பிடித்தால் தும்மலோடு நிற்காது, கல்யாண நாளிலிருந்து ஆரம்பித்துவிடுவாள். அந்தப் பயம் இடுப்புப் பயத்தை ஜெயித்தது. காலையில் தூக்க ஆள் வருமுன் அவனே எழுந்தான். சுவரைப் பிடித்தான், வேலியைப் பிடித்தான், பிறகு பிடிக்க ஒன்றும் இல்லாததால் சும்மா நடந்தான். ஆற்றுப் பாலத்தருகே இடுப்பு சுரீரென்றது. நின்று மூச்சு வாங்கினான். முதுகு உடையவில்லை. மறுபடி நடந்தான்.

கடை வாசலில் சிவப்புக் கொடிகள். நடுவில் தேவஸியின் பெரிய படம். யாரோ ஆர்வக்கோளாறில் அதற்கு மாலையும் போட்டிருந்தார்கள். “தேவஸியின் முதுகெலும்புக்கு நீதி வேண்டும்!” என்று கத்திக்கொண்டிருந்தவர்கள், படத்தில் இருந்தவன் நடந்து வருவதைப் பார்த்து, கோஷத்தைப் பாதியில் விட்டு ஒதுங்கி வழிவிட்டார்கள்.

தேவஸி மைக்கை வாங்கினான். “சகாக்களே, அந்தப்பன் சேட்டன் மேல தப்பில்லை. நான் செருப்பு எடுக்கக் குனிஞ்சேன். தும்மல் வந்துச்சு. அவ்வளவுதான்.”

மீன்கடைப் பக்கமிருந்து ஒருத்தி சிரிக்க ஆரம்பித்தாள்; சந்தை முழுக்கப் பற்றிக்கொண்டது. பாதி இறக்கிய ஷட்டருக்கு அடியிலிருந்து அந்தப்பன் தலையை நீட்டினான். “கழுதே! என் பெட்டி மேலயா பழி போட்டே?”

சுகுணன் லேசுப்பட்டவன் இல்லை. மைக்கைப் பிடுங்கினான். “தும்மல் இயற்கை, சகாக்களே! ஆனா அந்தப் பெட்டியை ஒத்தை ஆளை விட்டுத் தூக்க வெச்சது இயற்கையா? இனிமே பெரிய சுமைக்கு ரெண்டு பேர்!”

“ரெண்டு இல்லை, நாலு பேரு வாங்கடா! முதல்ல அந்த மாலையைக் கழட்டுங்க, என் கடை வாசல்ல எழவு வீடு மாதிரி இருக்கு” என்றான் அந்தப்பன். மறியல் வெற்றி என்று அறிவிக்கப்பட்டது.

தேவஸி வேலைக்குத் திரும்ப இரண்டு மாதம் ஆனது. முதலில் வெங்காயக் கூடை, அப்புறம் சின்ன மூட்டை. முழங்காலை மடக்கி, சுமையை நெஞ்சோடு அணைத்துத் தூக்குவான். திரும்பும்போது இடுப்பை முறுக்காமல் காலை மாற்றி வைப்பான். “தேவஸி முட்டை போட உக்காந்துட்டான்!” என்று கூட்டாளிகள் கேலி செய்தார்கள், செய்தவர்களில் இரண்டு பேர் அப்புறம் தனியாக வந்து, எப்படி உட்காருவது என்று கேட்டார்கள்.

இப்போதும் மழைக்காலத்தில் எப்போதாவது இடுப்பு பிடிக்கும். பிடித்தால் படுப்பதில்லை, ஆற்றங்கரையோரம் நடக்கப் போகிறான். கூடவே ரோசிலியும் வருகிறாள், பத்தடி முன்னால். அவள் வேகத்துக்கு அவனால் ஈடுகொடுக்க முடிவதில்லை. அதற்கு மட்டும் இன்னமும் இடுப்பைக் காரணம் சொல்கிறான்.