அத்தை கொண்டுவந்த மசாலாப் பொடி

எட்டு வயது வரை எனக்குச் சோறு என்றாலே தண்டனை. ஓடைப்பட்டியில் எங்கள் வீட்டை ஒட்டித் திராட்சைப் பந்தல். தட்டோடு அம்மா துரத்த, நான் பந்தல் கால்களுக்கிடையே ஓடுவேன். இரண்டு வாய் வாங்கிவிட்டால் அன்றைக்கு வீட்டில் திருவிழாதான்.

அந்த வருடம் எங்களோடு இருந்த அப்பாவின் தங்கை, என் அத்தை, தேனிப் பக்கம் ஒரு சிப்ஸ் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள். சுழலும் டிரம்மில் புரளும் உருளைக்கிழங்கு வறுவல் மீது மசாலாப் பொடி தூவுவது அவள் வேலை. பொழுது சாயக் கம்பெனி வேனில் வந்து இறங்குவாள். அவளுக்கு முன்னால் அந்த வாசனை வீட்டுக்குள் வந்துவிடும். தக்காளி மாதிரி, வெங்காயம் மாதிரி, ஆனால் எந்தத் தோட்டத்திலும் விளையாத வாசனை.

ஒரு நாள், கிழிந்த பையில் மிஞ்சிய பொடியைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்தாள். என் தயிர்ச்சோற்றில் ஒரு சிட்டிகை தூவி, "ஒரே ஒரு வாய் வாங்கு தங்கம்" என்றாள். தட்டு காலியானது. மறுசோறும் காலியானது. அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பிறகு தினமும் அதுதான். அத்தை என் தட்டருகே உட்கார்ந்து கம்பெனிக் கதை சொல்வாள். எழுந்து சூப்பர்வைசர் போல வயிற்றைத் தள்ளி நடந்துகாட்டுவாள். கதை முடியும் முன் சோறு தீர்ந்துவிட்டால் இன்னும் கேட்பேன். அப்படிச் சிரித்துச் சாப்பிட்ட சாயங்காலங்கள் எனக்குத் திரும்பக் கிடைக்கவே இல்லை. முருங்கைக்கீரைக்கும் பொடி, பன்னீர் திராட்சைக்கும் பொடி என்று ஆனபோது அப்பாகூடச் சிரிக்கத்தான் செய்தார்.

அரை வருடத்தில் யூனிபார்ம் பாவாடையின் கொக்கி மாட்டவில்லை. பள்ளி மைதானத்தில் பாதிச் சுற்றிலேயே மூச்சு வாங்கியது. பள்ளிக்கு வந்த நர்ஸம்மா என்னை இரண்டு முறை எடை பார்த்துவிட்டு அம்மாவை வரச்சொன்னார்.

"பொடிய மட்டும் குத்தம் சொல்ல முடியாதும்மா. ஆனா ருசிய ஏத்துறதுக்குன்னே செஞ்சது அது. சில புள்ளைகளுக்கு வயிறு நெறஞ்சாலும் நாக்கு போதும்னு சொல்லாது. நிறுத்திப் பாருங்க."

அன்று அத்தை வேனை விட்டு இறங்கியதுமே அம்மா, "நர்ஸம்மா சொன்னாக. இனிமே பொடி வேணாம்த்தா" என்றாள்.

அத்தையின் முகம் வாடிவிட்டது. "புள்ள சாப்புட்டாப் போதும்னுதான மதினி கொண்டாந்தேன்" என்றவள், கையிலிருந்த பொட்டலத்தைச் சாக்கடையில் உதறினாள்.

நான் கத்தினேன். "பொடி இல்லாட்டி நீ எதுக்கு இங்கன வர்ற?"

மறுநாளும் அவள் என் தட்டருகே வந்து உட்கார்ந்தாள். நான் முதுகைத் திருப்பிக்கொண்டேன். சூப்பர்வைசர் போல நடந்துகாட்டினாள், நான் சிரிக்கவில்லை. என் கோபம் தணிவதற்குள், கம்பம்மெட்டு மலைக்கு அப்பால் ஏலக்காய்த் தோட்டத்தில் வேலை பார்க்கும் மாப்பிள்ளை அவளுக்கு அமைந்து கல்யாணமும் முடிந்துவிட்டது.

மலைக்குப் புறப்படும் நாளில் ஜீப் வாசலில் உறுமிக்கொண்டிருந்தது. நான் பந்தலுக்குள் ஒளிந்திருந்தேன்.

"ஆத்தா, ஒரு வாட்டி முகத்தைக் காட்டிட்டுப் போத்தா" என்று கூப்பிட்டாள் அத்தை.

தாழ்ந்த கொடிகளுக்குக் கீழே மருதாணி வைத்த அவள் கால்கள் மட்டும் தெரிந்தன. வெகுநேரம் அங்கேயே நின்றன. பிறகு திரும்பி நடந்தன.

அதன்பின் எனக்குச் சோறு இறங்கவில்லை. பாவாடை தளர்ந்தது. "பழகுன நாக்குக்கு அப்பிடித்தான் இருக்கும், சரியாப் போயிரும்" என்றார் நர்ஸம்மா. அம்மாவுக்கு நிம்மதி.

ஆனாலும் பொழுது சாய்ந்தால் ரோட்டோரம் போய் நிற்பேன். வேன் வரும், வேறு பெண்கள் இறங்குவார்கள், போய்விடும். அழுதுகொண்டே வீடு திரும்புவேன்.

"இன்னுமா அந்தப் பொடியத் தேடுற?" என்று கேட்டாள் அம்மா.

ஆமாம் என்று தலையாட்டினேன். பொடிக்காகத்தான் அழுகிறேன் என்றே நானும் நம்பியிருந்தேன்.